வளையல் நோயின் வரலாறு



உருளைக்கிழங்கைத் தாக்கும் அழுகல் நோய்களின் வரலாற்றைப் பற்றிப் பேசுமாறு வானொலி நிலையத்தார் கேட்டுக்கொண்டபோது, முதலில் நான் தயங்கினேன். என் ஊர் குழித்துறை. தாமிரபரணி ஆற்றின் கரையில் அமைந்த ஊர். தென்னை, வாழை, ரப்பர், மரச்சீனி ஆகியவையே எங்கள் பக்கத்துப் பயிர்கள். அவற்றுள் மரச்சீனியுங்கூட வெளிநாட்டிலிருந்து வந்ததுதான். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதனைக் குடிமக்களிடையே பரப்பினார் என்பது வரலாறு. உருளைக்கிழங்கோ எங்கள் மண்ணுக்கு உரியதன்று. குளிர்ந்த மலைகளிலும் தொலைதூரச் சமவெளிகளிலும் விளைந்து, மூட்டைகளில் அடைபட்டு, எங்கள் சந்தையில் வந்து இறங்கும் பொருள் அது. அதன் நோயைப் பற்றிக் குழித்துறைக்காரன் ஒருவன் என்ன பேசிவிட முடியும்?

ஆயினும் இணங்கினேன். இந்நோயை நான் அறிந்துகொண்டது ஒரு மாணவனுக்கு நான் இழைத்த தவற்றின் வழியாக. அதனை முதலில் சொல்லிவிட்டுப் பின்னர் வரலாற்றுக்கு வருகிறேன்.

1980-களின் பிற்பகுதி. அப்போது நான் தலைமையாசிரியன் அல்லன். எட்டாம் வகுப்புக்குப் பாடம் நடத்தும் ஆசிரியன். பள்ளித் தோட்டமும் என் பொறுப்பில் இருந்தது. கிணற்றடியில் நான்கு வரிசை வழுதலைச் செடிகளும் இரண்டு வரிசை தக்காளிச் செடிகளும் வைத்திருந்தோம். கத்தரியை எங்கள் ஊரில் வழுதலை என்போம். செடிகள் செழித்துப் பூவெடுத்த வேளையில், ஒரு திங்கட்கிழமை காலை சென்று பார்த்தபோது, நடுவரிசையில் மூன்று செடிகள் தலை தொங்கி நின்றன. இலைகள் பழுக்கவில்லை; புள்ளி விழவில்லை; பூச்சி கடித்த அடையாளமும் இல்லை. பச்சை நிறம் மாறாமலே துவண்டு கிடந்தன.

தண்ணீர் ஊற்றும் முறை அந்த வாரம் ஒரு பையனுக்கு உரியது. அவனை அழைத்தேன். “ரெண்டு நேரமும் வெள்ளம் கோரி விட்டேன் சார்” என்றான். நான் நம்பவில்லை. செடி வாடினால் தண்ணீர் இல்லை என்றுதானே பொருள்? மற்ற மாணவர்களின் முன்னிலையில் அவனைப் பொய்யன் என்று சொல்லி, அன்று முழுவதும் வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தேன். மறுநாள் முதல் அவன் மூன்று நேரமும் நீர் இறைத்தான். செடிகளோ அந்த வாரத்திற்குள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன.

பத்து நாள் கழித்து, வேறொரு காரியமாகப் பள்ளிக்கு வந்த வேளாண்மை அலுவலர் ஒருவர் தோட்டத்தைப் பார்த்தார். வாடிய செடி ஒன்றைப் பிடுங்கினார். “சார், ஒரு கண்ணாடித் தம்ளரில் நல்ல தண்ணீர் வேண்டும், ஒரு கத்தியும் வேண்டும்” என்றார். தண்டின் அடிப்பகுதியில் விரல் நீளத் துண்டு ஒன்றை வெட்டி, அதன் ஒரு முனை மட்டும் நீரில் அமிழும்படி நூலில் கட்டித் தொங்கவிட்டார். நாங்கள் சூழ்ந்து நின்று பார்த்தோம். சில நிமிடங்களில், வெட்டு வாயிலிருந்து பால் போன்ற வெண்ணிற இழைகள், ஊதுவத்திப் புகை தலைகீழாய் இறங்குவது போல, நீருக்குள் மெல்ல இறங்கின. “இவ்வளவும் பாக்டீரியாக் கிருமி. செடியின் நீர்க்குழாய்களை அடைத்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் அது மேலே ஏறாது. மேலும், விடுகிற தண்ணீரோடு கிருமி அடுத்த செடிக்கும் போகும்” என்றார் அவர். பிறகு, “மலையில் உருளைக்கிழங்கை அழிக்கும் வளைய நோயும் இதுவேதான்” என்று முடித்தார்.

அந்தப் பையன் சற்றுத் தள்ளி நின்று தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் உண்மையைத்தான் சொல்லியிருந்தான். அவனைத் தண்டித்து, மூன்று நேரம் நீர் இறைக்க வைத்து, நோயைத் தோட்டம் முழுவதும் பரப்பியவன் நான். மறுநாள் வகுப்பில் அதனை ஒப்புக்கொண்டேன். அதன்பின் இந்த நோயைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க ஒன்று விளங்கிற்று. நான் செய்த பிழையை உலகமும் நெடுங்காலம் செய்துவந்திருக்கிறது. பயிர் அழுகினால் காரணத்தைத் தேடுவதற்கு முன்னரே குற்றவாளியைத் தேடுவது மனித இயல்பாக இருந்திருக்கிறது.

உருளைக்கிழங்கு தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடரில் தோன்றிய பயிர். பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குச் சென்று, பின்னர் ஏழைகளின் உணவாயிற்று. அயர்லாந்து நாட்டின் எளிய மக்கள் அதனையே நம்பி வாழ்ந்தனர். 1845-ஆம் ஆண்டு அங்கே வயல்கள் கருகின. தோண்டிய கிழங்குகள் அழுகின. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அது தொடர்ந்தது. ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் பசியாலும் நோயாலும் மாண்டனர். அதே அளவினர் நாட்டை விட்டுக் கப்பலேறினர். அன்று சொல்லப்பட்ட காரணங்கள் எத்தனை! மிகுந்த மழை என்றனர் சிலர். புதிதாக ஓடத்தொடங்கிய புகைவண்டியால் காற்றில் மின்சாரம் மிகுந்துவிட்டது என்றனர் சிலர். கடவுளின் சீற்றம் என்றனர் வேறு சிலர். அயர்லாந்து உழவனின் சோம்பலே காரணம் என்று கூறத் துணிந்தவர்களும் உண்டு.

இங்கிலாந்தில் பெர்க்லி என்ற பாதிரியார், அழுகிய இலைகளை நுண்ணோக்கியில் பார்த்து, ஒரு பூசணமே இதற்குக் காரணம் என்று 1846-இல் எழுதினார். பலர் ஏற்கவில்லை. பயிர் முதலில் அழுகியது, பூசணம் பிறகு வந்து குடியேறியது என்றே வாதிட்டனர். ஜெர்மானிய விஞ்ஞானி டி பாரி 1861-இல் சோதனை செய்து, பூசணமே நோய்க்குக் காரணம் என்று நிறுவினார். இது பின்பருவக் கருகல் எனப்படும் நோய். பாக்டீரியாவால் வருவதன்று. ஆயினும் இதனை இங்கே கூறுவதற்குக் காரணம் உண்டு. பயிருக்கும் நோய்க்கிருமி உண்டு என்னும் எண்ணம் மனித அறிவில் வேரூன்றியது இந்தப் பஞ்சத்திற்குப் பின்னரே.

பூசணத்தை ஏற்றுக்கொண்ட உலகம் பாக்டீரியாவை எளிதில் ஏற்கவில்லை. மனிதனுக்கும் கால்நடைக்கும் பாக்டீரியாவால் நோய் வரும் என்று பாஸ்டரும் காக்கும் மெய்ப்பித்த காலம் அது. செடிக்கும் வருமா? அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகப் பேராசிரியர் பரில் என்பவர், பேரிமரங்களைக் கருக்கும் நோய்க்குப் பாக்டீரியாவே காரணம் என்று 1878-ஆம் ஆண்டு முதல் கூறிவந்தார். 1896-இல், அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த எர்வின் ஸ்மித், தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு ஆகிய மூன்றையும் வாட்டும் பாக்டீரியா ஒன்றை விவரித்து அதற்குப் பெயரிட்டார். எங்கள் பள்ளித் தோட்டத்தில் தம்ளர் நீரில் இழையாய் இறங்கியது அந்தக் கிருமிதான்.

அடுத்த ஆண்டே ஜெர்மனியில் ஆல்பிரட் பிஷர் என்ற அறிஞர் இதனை மறுத்தார். செடியின் உயிரணுக்கள் சுவர்களால் மூடப்பட்டவை. பாக்டீரியா அங்கே நுழைந்து வாழ முடியாது. அழுகிய செடியில் காணப்படுவது பின்னர் வந்து சேர்ந்த கிருமியே என்பது அவர் வாதம். ஸ்மித் சளைக்கவில்லை. நோயுற்ற செடியிலிருந்து கிருமியைப் பிரித்தெடுத்துத் தனியே வளர்த்து, நலமுள்ள செடியில் செலுத்தி, அதே நோய் வருவதைக் காட்டி, தொடர்ந்து கட்டுரைகள் எழுதினார். இந்த வழக்கு 1901 வரை நடந்தது. வென்றது ஸ்மித். அதே 1901-இல், ஜோன்ஸ் என்ற மற்றோர் அமெரிக்கர், காய்கறிகளைக் கூழாக்கும் மென்னழுகல் நோய்க்கு உரிய பாக்டீரியாவை விவரித்தார். உருளைக்கிழங்கு மூட்டையில் நாற்றமெடுத்து நீராய் ஒழுகும் அழுகல் அதுவே.

மாணவர்களே, இக்கிருமிகளின் பெயர்கள் உங்கள் பாடநூல்களில் மாறி மாறி வருவதைக் கண்டு மயங்கவேண்டா. ஸ்மித் விவரித்த கிருமி பல பெயர்களைப் பெற்று, 1995 முதல் ரால்ஸ்டோனியா எனப்படுகிறது. ஜோன்ஸ் விவரித்தது நெடுங்காலம், எர்வின் ஸ்மித்தின் நினைவாக, எர்வினியா எனப்பட்டு, இன்று பெக்டோபாக்டீரியம் என்று வழங்குகிறது. பெயர் மாறினாலும் குணம் மாறவில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். நம் நாட்டில் உருளைக்கிழங்கு முதலில் மேலைக் கடற்கரை வழியாகப் பரவிற்று. தமிழ்நாட்டில் அதற்கு வீடாக அமைந்தது நீலகிரி. கோயம்புத்தூர் மாவட்ட ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறினார். 1820-களில் உதகமண்டலத்தில் வீடு கட்டிக் குடியேறி, ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிட்டுப் பார்த்தார். அவற்றுள் உருளைக்கிழங்கும் ஒன்று. சாமையும் கோதுமை வகைகளும் விளைவித்துவந்த படகர் இன மக்கள் நாளடைவில் இப்புதுப் பயிரைத் தம்முடையதாக்கிக்கொண்டனர். 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கும், 1908-இல் உதகமண்டலத்துக்கும் மலை ரயில் வந்தது. மலையில் விளைந்த கிழங்கு மேட்டுப்பாளையத்துச் சந்தைக்கு இறங்கி, அங்கிருந்து தென்னாடெங்கும் சென்றது.

நோயும் உடன் வளர்ந்தது. ஸ்மித் தம் கிருமிக்குப் பெயரிடுவதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே, 1892-இல், புனே மாவட்டத்து உருளைக்கிழங்கு வயல்களில் இந்நோய் பதிவு செய்யப்பட்டிருக்கிறது. நம் நாட்டில் அதன் முதற் பதிவு அதுவே. கிழங்கைக் குறுக்கே வெட்டினால் தோலுக்குச் சற்று உள்ளே பழுப்பு நிறத்தில் ஒரு வட்டம் தெரியும். அதனைக் கண்ட மராத்திய உழவர்கள் நோய்க்குப் ‘பாங்டி’ என்று பெயரிட்டனர். அவர்கள் மொழியில் வளையல் என்பது பொருள். எத்துணைப் பொருத்தமான பெயர்! நுண்ணோக்கியைக் கண்ணாலும் பாராத உழவன், நோய் உறையும் இடத்தைச் சரியாகக் கண்டுகொண்டான். அந்த வளையமே கிழங்கின் நீர்க்குழாய்கள் அமைந்த இடம்.

அண்டை நாடான மைசூர் சமஸ்தானத்திலும் இந்நோய் பரவியிருந்தது. கனடா நாட்டிலிருந்து 1908-இல் மைசூருக்குப் பணிக்கு வந்த லெஸ்லி கோல்மன் என்ற தாவர நோய் வல்லுநர், அடுத்த ஆண்டே, 1909-இல், உருளைக்கிழங்கின் வளைய நோயைப் பற்றி ஓர் ஆய்வு நூல் வெளியிட்டார். புதிதாய் வந்த விஞ்ஞானி முதலில் கையிலெடுத்த வேலைகளுள் இது ஒன்று என்றால், உழவர்களின் இழப்பு எத்தகையதாய் இருந்திருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பார்க்கலாம். இன்று கர்நாடகப் பீடபூமி, மகாராஷ்டிரத்தின் மேற்குப் பகுதி, வங்காளம், அசாம், இமயத்தின் இடைமலைகள், நம் நீலகிரி, பழனி, ஆனைமலை எனப் பல இடங்களில் இந்நோய் நிலைகொண்டிருக்கிறது.

இது எப்படிப் பரவிற்று? இங்கேதான் வரலாற்றின் நெஞ்சைத் தொடும் பகுதி உள்ளது. நெல்லுக்கு நாம் விதைப்பது நெல்மணி. உருளைக்கிழங்குக்கு விதைப்பது கிழங்கையே. அது தாயின் உடலில் ஒரு துண்டு. தாய்க்கு உள்ள நோய் பிள்ளைக்குத் தப்பாமல் போகும். அன்றியும் விதைக்கிழங்கு விலை மிகுந்த பொருள். பயிர்ச் செலவில் பெரும்பங்கு அதற்கே போகும். எனவே எளிய உழவன் ஒரு கிழங்கை இரண்டாக, மூன்றாக நறுக்கி நடுகிறான். மிச்சம் பிடிப்பதற்காக அவன் எடுக்கும் அதே கத்தி, நோயுள்ள ஒரு கிழங்கை வெட்டிய பின், நலமுள்ள கிழங்குகளிலெல்லாம் கிருமியைத் தடவிவிடுகிறது. சிக்கனமே அவனுக்குச் செலவாகிறது.

இன்னொன்று. வெப்பமான சமவெளியில் அசுவினிப் பூச்சிகள் வைரஸ் நோய்களைப் பரப்பி விதையைக் கெடுக்கும். எனவே சமவெளி உழவர் நல்ல விதைக்கு மலையை நாடுவர். மலையில் அசுவினி குறைவு என்பது உண்மை. ஆனால் வளைய நோய்க் கிருமி குளிரில் அடங்கிக் கிடக்கும் இயல்புடையது. மலையில் விளைந்த கிழங்கு வெட்டிப் பார்த்தாலும் தூய்மையாகவே தோன்றும். உள்ளே கிருமி உறங்கிக்கொண்டிருக்கும். அதனைச் சமவெளியின் வெப்பத்திலும் ஈரத்திலும் நட்டவுடன் விழித்தெழும். வாங்கியவன் விற்றவனைப் பழிப்பான். விற்றவன் வாங்கியவனின் பராமரிப்பைப் பழிப்பான். இருவரும் பொய் சொல்லவில்லை. என் வகுப்புப் பையன் நினைவுக்கு வருகிறான் அல்லவா?

இந்நோய்களை அறிந்துகொள்ளும் வழியைச் சொல்கிறேன். வயலில், நண்பகல் வெயிலில் செடியின் மேல்இலைகள் பச்சையாகவே துவளும். மாலையில் சிறிது நிமிரும். சில நாளில் நிமிராமலே போகும். தண்டை வெட்டித் தம்ளர் நீரில் தொங்கவிட்டால் வெண்ணிற இழை இறங்கும். தண்ணீர்ப் பஞ்சத்தால் வாடிய செடியில் இது வராது. கிழங்கைக் குறுக்கே வெட்டினால் பழுப்பு வளையம் தெரியும்; மெல்ல அழுத்தினால் வளையத்திலிருந்து வெளிறிய பசை துளித்துளியாய்க் கசியும். நோய் முற்றினால் கிழங்கின் கண்களிலேயே பசை கசிந்து, மண் ஒட்டிக்கொண்டிருக்கும்.

மென்னழுகல் வேறு. அது தோலில் உள்ள காயம் வழியாகவும், மூச்சுத் துளைகள் வழியாகவும் நுழைவது. உயிரணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் பசைப் பொருளை அக்கிருமி கரைத்துவிடுவதால், கிழங்கின் சதை வெண்கூழாகிவிடும். முதலில் நாற்றம் இராது. பிற கிருமிகளும் சேர்ந்த பின் மூக்கைப் பிடிக்க வைக்கும். வயலிலே இதே இனக் கிருமிகள் தண்டின் அடியைக் கருப்பாக்கி அழுக வைப்பதும் உண்டு. அதனைக் கருங்கால் நோய் என்பர். பின்பருவக் கருகலோ தோலுக்கு அடியில் செம்பழுப்பாய், உலர்ந்தும் கெட்டியாயும் இருக்கும். ஆனால் அந்தப் புண் வழியாக மென்னழுகல் நுழைந்துவிட்டால் எல்லாம் கூழாகிவிடும். ஒரு நோய் மற்றொரு நோய்க்குக் கதவு திறந்துவிடுவது பயிர்களிலும் உண்டு.

நோயைக் கண்டறிந்தாயிற்று, மருந்து என்ன? வாடிய செடியைப் பிழைக்க வைக்கும் மருந்து எதுவும் இன்றுவரை இல்லை. இந்நோய் முற்றிலும் அண்டாத உருளைக்கிழங்கு இரகமும் இல்லை. எனவே வராமல் காப்பதே வழி. நாடு விடுதலை பெற்றபின், 1949-இல் பாட்னாவில் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டு, 1956-இல் சிம்லாவுக்கு மாற்றப்பட்டது. 1957-இல் உதகமண்டலத்தை அடுத்த முத்தோரையில் அதன் கிளை நிலையம் ஏற்பட்டது. வட இந்தியச் சமவெளியில் அசுவினி மிகக் குறைந்த பருவத்தில் விதைக்கிழங்கை விளைவிக்கும் முறையைப் புஷ்கர்நாத் என்னும் விஞ்ஞானி 1959-ஐ ஒட்டி வகுத்தார். வளைய நோய் இல்லாத அப்பகுதிகளிலிருந்து நல்ல விதை பெருமளவில் கிடைக்க இது வழி செய்தது.

விஞ்ஞானிகள் கூறும் முறைகள் எளியவை. முதலாவது, நோயற்ற இடத்திலிருந்து வந்த விதை. இரண்டாவது, கிழங்கை நறுக்காமல் சிறு கிழங்காக முழுதாய் நடுதல். மூன்றாவது, நட்டவுடனேயே முழு அளவுக்கு மண் அணைத்துவிடுதல். பின்னர் களைக்கொட்டால் கொத்தினால் வேர் காயப்படும், காயமே கிருமிக்கு வாசல். நான்காவது, நோய் கண்ட நிலத்தில் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குக் கேழ்வரகு, மக்காச்சோளம், வெங்காயம், பூண்டு, முட்டைக்கோசு போன்றவற்றைப் பயிரிடுதல். கத்தரி, தக்காளி, மிளகாய், புகையிலை ஆகியவை உருளைக்கிழங்கின் சுற்றத்தார். அவற்றைப் பயிரிடுவது கிருமிக்கு விருந்து வைப்பதாகும். ஐந்தாவது, கோடையில் உழுது மண்ணை வெயிலில் காயவிடுதல். ஆறாவது, நடும்போது சால்களில் எக்டேருக்கு 12 கிலோ வீதம் பிளீச்சிங் பவுடர் இடுதல். வாடிய செடியை மண்ணோடும் கிழங்கோடும் அகற்றி அழித்துவிட வேண்டும். அதன் வழியாகப் பாயும் நீரை அடுத்த பாத்திக்கு விடலாகாது.

மென்னழுகலுக்கு வேறு விதமான கவனம் வேண்டும். தோல் முற்றிய பிறகே தோண்டவேண்டும். தோண்டும்போது காயம் படலாகாது. ஈரக் கிழங்கை மூட்டை கட்டலாகாது. நிழலில் பரப்பி உலர்த்தவேண்டும். அழுகியதைப் பொறுக்கி எறிந்த பின்னரே காற்றோட்டமான இடத்திலோ குளிர்பதனக் கிடங்கிலோ சேமிக்கவேண்டும். என் இளமையில் எங்கள் ஊர்ப் பலசரக்குக் கடைக்காரர் ஒருவர், மூட்டை வந்திறங்கியதும் முதல் வேலையாக அதனைக் கவிழ்த்துப் பாயில் பரத்திவிடுவார். ஒரு கிழங்கு கசிந்தால் அதைச் சுற்றியுள்ள பத்தையும் எடுத்துத் துடைத்துப் பார்ப்பார். அவருக்குப் பாக்டீரியா என்ற சொல் தெரிந்திராது. ஆனால் செய்ய வேண்டியதை அறிந்திருந்தார்.

தனி மனிதனின் கவனம் மட்டும் போதாத இடமும் உண்டு. அங்கே சட்டம் வருகிறது. நோயும் பூச்சியும் விதையோடு ஊர்விட்டு ஊர் செல்வதைத் தடுக்க 1914-இலேயே நம் நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. அதன் கடுமையை நேரில் உணர்ந்தவர்கள் நீலகிரி உழவர்கள். 1961-இல் உதகமண்டலத்து உருளைக்கிழங்கு வயலில் முட்டைக்கூட்டு நூற்புழு என்னும் நுண்ணிய வேர்ப்புழு கண்டுபிடிக்கப்பட்டது. அது பாக்டீரியா அன்று; ஆயினும் நூற்புழுக்கள் வேரில் செய்யும் காயங்கள் வளைய நோய்க் கிருமிக்கும் வாசலாவதால், இவ்வரலாற்றில் அதற்கும் இடமுண்டு. 1971-இல் நீலகிரியிலிருந்து விதைக்கிழங்கை வெளிமாநிலங்களுக்கு அனுப்பக்கூடாது என்று தடை விதிக்கப்பட்டது. விதை விற்றுப் பிழைத்த மலைவாழ் உழவருக்கு அது பேரிடி. ஆயினும் தாம் முகமறியாத, வேற்று மொழி பேசும் உழவர்களின் நிலம் காக்கப்படுவதற்காக அவர்கள் அந்த இழப்பைத் தாங்கினார்கள். நூற்புழுவைத் தாங்கும் குஃப்ரி ஸ்வர்ணா என்ற இரகம் 1985-இல் அவர்களுக்குக் கிடைத்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. போர்களையும் அரசர்களையும் பற்றிய வரலாற்று நூல்களில் இத்தகைய தியாகத்துக்கு ஓரிரு வரியாவது இருக்கவேண்டும் என்பது என் எண்ணம்.

மாணவர்களே, உங்களுள் பலர் உருளைக்கிழங்கு பயிரிடப்போவதில்லை. ஆனால் வீட்டின் பின்புறம் கத்தரியோ தக்காளியோ மிளகாயோ வைக்காத வீடு நம் பக்கத்தில் குறைவு. ஆடி அமாவாசையை ஒட்டிக் குழித்துறையில் நடக்கும் வாவுபலிப் பொருட்காட்சிக்கு வருவோர், திரும்பிப் போகையில் நாற்றும் கன்றும் கையிலேந்திச் செல்வதை ஆண்டுதோறும் காண்கிறேன். எனக்கும் அந்த வழக்கம் உண்டு. முன்பெல்லாம் இலையின் பசுமையை மட்டும் பார்த்து வாங்குவேன். இப்போது நாற்றின் வேரைப் பார்க்கிறேன். எந்த ஊர் மண்ணில் வளர்ந்தது என்று கேட்கிறேன்.

உங்கள் தோட்டத்தில் ஒரு செடி பச்சையாகவே வாடக் கண்டால், தண்ணீர் ஊற்றியவரைக் கடிந்துகொள்ளவேண்டா. ஒரு கத்தியும் ஒரு கண்ணாடித் தம்ளரும் எடுத்துக்கொள்ளுங்கள். தண்டை வெட்டி நீரில் தொங்கவிட்டு, சில நிமிடம் பொறுத்திருங்கள். அயர்லாந்தில் மாண்டோருக்காகவும், புனேயில் வளையலைக் கண்ட உழவருக்காகவும், பொய்யன் என்று பெயர் கேட்ட ஓர் எட்டாம் வகுப்பு மாணவனுக்காகவும் நாம் செய்யக்கூடியது அந்தச் சில நிமிடப் பொறுமைதான். பார்த்த பின்னர் பேசுங்கள்.